இராமானுஜனுக்குப் பட்டம் தந்த எண்கள்

நம் கிள்ளான் துறைமுகம் 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972 வரை அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த கப்பல்கள் நம் முன்னோர் பலரை அங்கே இறக்கிவிட்டன. கிழக்கே அவர்கள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1914 மார்ச் 17-ஆம் நாள், மேற்கே செல்லும் நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து ஒரு தமிழர் புறப்பட்டார். 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

அவர் கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தார். கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தியதால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அத்தகையவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் அளித்தது. எந்த ஆராய்ச்சிக்காக அளித்தது என்பதை இன்று காண்போம்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்கிறோம். கடையில் 30 முட்டைகள் கொண்ட தட்டு விற்கிறார்கள். 30-க்கு 1, 2, 3, 5, 6, 10, 15, 30 என எட்டு வகுத்திகள். அதனினும் சிறிய 24-க்கும் 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என எட்டு உண்டு. ஆகவே 24-ஐ 30 மிஞ்சவில்லை. 36-க்கு ஒன்பது, அது மிஞ்சிவிடுகிறது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும்விடக் கூடுதலான வகுத்திகள் உடையதைப் பெரும்பகு எண் எனலாம். 12, 24, 36, 48, 60, 120 ஆகியவை இவ்வகையின.

இவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று இராமானுஜன் நிறுவினார். இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதினால், சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைந்த முறை வராது. 18 என்பது 2, 3, 3 ஆகியவற்றின் பெருக்கம். ஒரு 3-க்குப் பதிலாக 2 வைத்தால் 12 கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆறு வகுத்திகளே. சிறிய 12 இருக்கும்போது 18-க்கு இடமில்லை.

1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் அவருடைய கட்டுரை வந்தது. அதன் அட்டவணையில் 102 எண்கள் இருந்தன. கடைசி எண் 6,746,328,388,800; ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கோடி. இதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒவ்வொரு முறைக்கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2-கள். விடை 10,080.

அட்டவணையில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போயிற்று. அது 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது, முன்னர்ச் சொன்ன அந்தக் கடைசி எண்ணேதான்! கையால் போட்ட கணக்கில் ஒன்று நழுவியது. ஆனால் நிறுவிய தேற்றங்களுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

அது முதல் உலகப் போர்க்காலம். கணிதக் கழகத்திற்குப் பணமுடை. ஆதலால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றது. இராமானுஜன் 1920-இல் மறைந்தார். எஞ்சிய பகுதி 1997-இல், நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் விளக்கத்துடன் வெளியாயிற்று.

ஒரு தேர்வுத்தாள் அவரைத் தேறாதவர் என்று ஒதுக்கியது; 12, 24 போன்ற இவ்வெண்கள் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தன. மாணவர்கள் 60-இன் வகுத்திகளைத் தாமே எழுதிப் பார்க்கட்டும். அதற்குக் கீழுள்ள எண்களில் ஏதேனும் அதற்கு ஈடாகிறதா என்று தேடட்டும். இராமானுஜன் நடந்த வழியின் முதற்படி அது.