அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழக அணிகள் ஆடும் விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவதால், உலகின் பிற நாடுகள் அறிந்த கால்பந்திலிருந்து இது வேறுபட்டது. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் பருவம் ஜனவரியில் முடிகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டணிகளில் சேர்ந்து ஆடுகின்றன.

தோற்றம்

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரி பிரின்ஸ்டனை 6–4 என வென்றதே முதல் ஆட்டமாகக் கருதப்படுகிறது. அணிக்கு 25 பேர் ஆடினர். 1880களில் யேலைச் சேர்ந்த வால்டர் கேம்ப் முன்வைத்த விதிகள் ஆட்டத்துக்கு இன்றைய உருவைத் தந்தன. களத்தில் உயிரிழப்புகள் பெருகவே, 1905இல் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்தார். மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. அந்த நெருக்கடியில் பிறந்த அமைப்பே 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் கல்லூரி விளையாட்டை ஆள்கிறது.

தொலைக்காட்சி வருவாய்

எந்த ஆட்டம் ஒளிபரப்பாக வேண்டும் என்பதை நெடுங்காலம் என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. 1981இல் ஒரே வார இறுதியில், ஓக்லஹோமா–தென் கலிபோர்னியா ஆட்டத்தைச் சுமார் 200 நிலையங்கள் ஒளிபரப்பின. சிட்டடல்–அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டத்தை நான்கே நிலையங்கள் காட்டின. நான்கு அணிகளுக்கும் ஒரே தொகை! பெரிய பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்ற பெரும்பான்மையில் அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்தது. எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர். ஒளிபரப்பு உரிமையை விற்கும் பேரம் அதன்பின் மெல்லக் கூட்டணிகளின் கைக்கு வந்தது.

கூட்டணிகளின் இடமாற்றம்

பேரத்தில் வலுத்த கூட்டணிகள் பிறவற்றின் அணிகளை ஈர்த்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் தளமாயிருந்த சவுத்வெஸ்ட் கூட்டணி 1996இல் கலைந்தது. 1915இல் வேர்கொண்ட பசிபிக் கரைக் கூட்டணியான பாக்-12, 2024இல் பத்து உறுப்பினர்களை ஒருசேர இழந்தது. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டுமே எஞ்சின. தென் கலிபோர்னியா, யு.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென் என்ற கூட்டணியில் சேர, அதன் உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆனது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணிகளான முதல் இரண்டும் சுமார் 4,000 கி.மீ. தள்ளியிருக்கும் ரட்கர்ஸும் இப்போது ஒரே கூட்டணி. அதே ஆண்டு டெக்சாஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டணிக்கு மாறின. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றும் 2014இல் நான்கு அணிகளுடன் தொடங்கி, 2024இல் 12 அணிகளாக விரிந்தது. விரிந்த சுற்றின் முதல் பட்டத்தை ஒகையோ ஸ்டேட் வென்றது.

வீரர்களுக்கு ஊதியம்

கோடிகள் புரண்டபோதும் ஆடிய மாணவருக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் பெரிதாக எதையும் விதிகள் அனுமதிக்கவில்லை. தென் கலிபோர்னியாவின் ரெஜி புஷ், விதிக்குப் புறம்பான சலுகைகள் பெற்றதாக எழுந்த விவகாரத்தில், 2005ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2010இல் துறந்தார். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் ஈட்டலாம் என்றானது. கல்லூரி மாறினால் ஓராண்டு களத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் தளர்ந்தது. புஷ்ஷின் கோப்பை 2024இல் திரும்பி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ‘ஹவுஸ்’ என்ற வழக்கின் சமரசம், பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டது. முதலாண்டு உச்சவரம்பு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அது கால்பந்துக்கு மட்டுமல்லாமல் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்தது.

இன்றைய நிலை

பருவத்துக்கு முன் அணி திரட்டும் பயிற்சியாளர் இன்று பள்ளி முடித்த இளைஞர்களோடு, பிற கல்லூரிகளிலிருந்து வர விரும்பும் வீரர்களையும் விலைபேச வேண்டியிருக்கிறது. பணம் பெறும் இந்த வீரர்கள் சட்டப்படி பல்கலைக்கழக ஊழியர்களா என்பது முக்கிய வழக்காடு பொருளாகியுள்ளது.