கார்டு லிமிட்டும் கார்ட்டர் உத்தரவும்

2009 ஜனவரியில் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தோம். நல்ல பனிக்காலம். ஒரு நாள் காலை வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், "ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனமில்லை, புதிதாகத்தான் போட வேண்டும், 4,200 டாலர்" என்றார். மாப்பிள்ளை கார்டை நீட்டினார். ஏற்கவில்லை. மறுபடி தேய்த்தார்கள், அப்போதும் இல்லை. 12,000 டாலர் லிமிட் உள்ள கார்டு. பாக்கி 3,400 தான். போன் போட்டுக் கேட்டால், லிமிட்டை 5,000 ஆகக் குறைத்து ஒரு வாரம் ஆகிறதாம்! கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. இத்தனைக்கும் மாப்பிள்ளை ஒரு தவணைகூடத் தவறியவர் இல்லை. பேத்திக்கு மூன்று ஸ்வெட்டர் போட்டு அன்றிரவை ஓட்டினோம். மறுநாள் தெலுங்கு நண்பர் ஒருவர் செக் கொடுத்து உதவினார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இது குடைந்துகொண்டே இருந்தது. அந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான், அமெரிக்காவில் இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது.

1980-ம் வருஷம் மார்ச் 14. அதிபர் ஜிம்மி கார்ட்டர். விலைவாசி வருஷத்துக்கு 14 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கடன் வாங்கிச் செலவழிப்பதும் ஒரு காரணம் என்று கருதிய கார்ட்டர், 1969-ல் இயற்றப்பட்ட கடன் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். நம் ரிசர்வ் வங்கியைப் போன்ற அவர்களுடைய பெடரல் ரிசர்வுக்கு அப்போது தலைவர் பால் வோல்க்கர். நல்ல உயரமான மனிதர், வாயில் எப்போதும் சுருட்டு. அவருக்கு இந்த யோசனையில் அவ்வளவு இஷ்டமில்லை. ஆனாலும் உத்தரவு போட்டார். கிரெடிட் கார்டிலும் ஈடில்லாத கடன்களிலும், அன்றைய தேதியில் இருந்த பாக்கிக்கு மேல் கூடுகிற ஒவ்வொரு 100 டாலருக்கும் 15 டாலரை, கடன் கொடுத்த நிறுவனம் பெடரல் ரிசர்வில் வட்டியில்லாமல் போட்டு வைக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும் இது கிடையாது.

இதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஏப்ரலில் வங்கிகளின் பிரதான வட்டி விகிதமே 20 சதவீதத்தைத் தொட்டது. பல மாநிலங்களில் கார்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று சட்டம். ஏற்கெனவே நஷ்டம், அதற்கு மேல் 15 டாலர் சும்மா கிடக்க வேண்டும். என்ன செய்வார்கள்? புதுக் கார்டு கொடுப்பதை நிறுத்தினார்கள். இருப்பவர்களுக்கு லிமிட்டைக் குறைத்தார்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஏற்றினார்கள். அதுவரை இலவசமாக இருந்த கார்டுக்கு வருஷக் கட்டணம் வசூலிக்கப் பல வங்கிகள் ஆரம்பித்தது அப்போதுதான். (உத்தரவு போன பிறகும் அந்தக் கட்டணம் போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

ஜனங்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கடன் வாங்குவது தேசத் துரோகம் என்பதுபோல் எடுத்துக்கொண்டு, கார்டுகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, கவரில் போட்டு வெள்ளை மாளிகைக்கே அனுப்பினார்கள்! அரசாங்கம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு செலவு சுருங்கியது. வேலையில்லாதோர் மார்ச்சில் 6.3 சதவீதம், ஜூலையில் 7.8. பயந்துபோய் மே மாதமே உத்தரவைத் தளர்த்தி, ஜூலையில் அடியோடு நீக்கிவிட்டார்கள். நவம்பர் தேர்தலில் கார்ட்டர் தோற்றார். ஈரான் பிணைக்கைதிகள் விவகாரம் பெரிய காரணம்தான், ஆனால் வேலை போனவன் ஓட்டுச்சாவடியில் அதை மறந்திருப்பானா?

1980-ல் லிமிட்டைக் குறைக்க வைத்தது அரசாங்கம். 2008-ல் யாரும் சொல்லவில்லை, பயத்தில் அவர்களே குறைத்தார்கள். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்ததும், கார்டு பாக்கிகளைக் கடன் பத்திரமாக்கி விற்றுப் பணம் திரட்டும் சந்தை உறைந்துபோனது. வாடிக்கையாளர் எடுக்காமல் வைத்திருக்கும் லிமிட், கம்பெனியைப் பொறுத்தவரை எந்த நிமிஷமும் கொடுத்தாக வேண்டிய பணம். ஆகவே முதல் வெட்டு அங்கேதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இன்னும் ஒரு படி மேலே போய், சில வாடிக்கையாளர்களுக்குப் பாக்கியைக் கட்டி கணக்கை மூடினால் 300 டாலர் தருவதாகச் சொன்னது.

இதில் ஒரு கொடுமை உண்டு. மாப்பிள்ளையின் பாக்கி 3,400 தான், அது மாறவில்லை. 12,000-ல் 3,400 என்றால் 28 சதவீதம். லிமிட் 5,000 ஆனதும் அதே பாக்கி 68 சதவீதம். அங்கே ஒருவருடைய கடன் மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது இந்த விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனவே அவர் ஒன்றுமே செய்யாமல் மதிப்பெண் இறங்கியது. அதைக் காட்டி இன்னொரு கம்பெனியும் லிமிட்டைக் குறைத்தது.

அந்த மே மாதம் 22-ம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் கார்டு கம்பெனிகளுக்குப் பல கடிவாளங்கள் போட்டது. வட்டியை ஏற்ற 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. லிமிட்டைக் குறைக்க அப்படி ஒரு காத்திருப்பு வைக்கவில்லை.

நம் ஊரிலும் 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, கார்டு பாக்கிக்கு வங்கிகள் கணக்கிட வேண்டிய இடர் எடையை 125-லிருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. வோல்க்கரின் 15 டாலருக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். கடன் கொடுப்பவர் ஒவ்வொரு ரூபாய்க்கும் கூடுதலாகச் சொந்த முதலை ஒதுக்க வேண்டியிருக்கும்.

அன்று போனில் பேசிய பெண் மாப்பிள்ளையிடம், "மன்னிக்கவும், இது மேலே எடுத்த முடிவு" என்று நாலு தடவை சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. 1991-ல், நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த சமயம், கடனை இறுக்கச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு, அறுவடை நேரத்தில், கேஷ் கிரெடிட் லிமிட்டைக் குறைத்துக் கையெழுத்துப் போட்டேன். "சார், நெல்லு வாங்குற நேரத்துல இப்படிச் செஞ்சா நான் என்ன செய்வேன்?" என்றார். "ஹெட் ஆபீஸ் உத்தரவுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த லெட்ஜரைப் புரட்டினேன். அந்த சீசனுக்கு அவர் எங்கே பணம் புரட்டினார் என்று நான் கேட்கவில்லை.