‘குறைகள்’ முதல் ‘எச்சரிக்கைகள்’ வரை: உட்பொதி தரவுத்தள நிரலகங்களின் ஆவணப் புதுப்பிப்பு வரலாறு

உட்பொதி தரவுத்தளம் தனியே இயங்கும் சேவையகம் அன்று. பயன்படுத்தும் நிரலோடு இணைக்கப்பட்டு, அந்நிரலின் நினைவகத்துக்குள்ளேயே இயங்கும் நிரலகம் (லைப்ரரி). திறவு ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் திருப்பித் தருவதே அதன் பணி. வினவல் மொழியோ, தவறான பயன்பாட்டைத் தடுக்கும் நிர்வாகியோ அங்கு இல்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் விதிகளுள் பெரும்பாலானவற்றைக் கம்பைலரும் சரிபார்ப்பதில்லை. அவை ஆவணத்தின் உரைநடையில் மட்டுமே உள்ளன. எனவே ஆவணம் காலாவதியானால் தரவே சிதையக்கூடும். இத்தகைய நிரலகங்களின் வரலாறு வேகத்தையும் உரிமங்களையும் மையமிட்டே பெரிதும் பேசப்படுகிறது. அவற்றின் கையேடுகளையே மூலச்சான்றாகக் கொண்டு, ஆவணம் எங்கே புதுப்பிக்கப்பட்டது, எங்கே உறைந்து நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏழாம் பதிப்பின் கையேட்டுப் பக்கம்

1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கென் தாம்சனின் டி.பி.எம். நிரலகம் இடம்பெற்றது. அதன் கையேட்டுப் பக்கம் மிகச் சுருக்கமானது. செயற்கூறுகளின் விளக்கத்தைவிட, இறுதியில் அமைந்த ‘குறைகள்’ என்னும் பிரிவே வரலாற்று நோக்கில் கனமானது. ஒரு திறவும் அதன் மதிப்பும் சேர்ந்து உள் தொகுதியின் அளவாகிய 512 பைட்டுகளைத் தாண்டலாகாது. நீக்கப்பட்ட பதிவின் இடம் மறுபயன்பாட்டுக்குக் கிடைக்குமேயன்றிக் கோப்பு சுருங்காது. தரவுக் கோப்பில் வெற்றிடங்கள் இருப்பதால் வழக்கமான கட்டளைகளால் நகலெடுத்தால் அவை நிரப்பப்பட்டுவிடும். நிரலகம் தரும் முகவரிச் சுட்டு நிலையான ஓர் இடத்தையே காட்டுவதால், அடுத்த அழைப்பில் அங்குள்ள செய்தி மாறிவிடும். இத்தனையையும் அப்பக்கம் ஒளிக்காமல் சொல்கிறது.

512 என்னும் எண்ணோடு ‘தற்போது’ என்ற பொருள்படும் சொல்லும் அங்கே உள்ளது. எண் மாறும் என்பதை எழுதியவர் அறிந்திருந்தார் என்பதற்கு அச்சொல்லே சான்று. எண் மாறவும் செய்தது. பெர்ல் மொழியின் ஆவணத்தில் இக்குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து நிரலகங்களை ஒப்பிடும் அட்டவணை ஒன்று உள்ளது. பழைய டி.பி.எம்.முக்கு 1 கிலோபைட், என்.டி.பி.எம்.முக்கு 4, எஸ்.டி.பி.எம்.முக்கு 1 என அது வரம்பு காட்டுகிறது, ஜி.டி.பி.எம்., பெர்க்லி டி.பி. ஆகியவற்றுக்கு வரம்பில்லை என்கிறது. இவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பயன்படுத்துமாறு பெர்ல் இடம் தருகிறது. ஆனால் 3 கிலோபைட் பதிவு ஒன்றில் ஏற்கப்படும், வேறொன்றில் மறுக்கப்படும். சுவடிப் பதிப்பாளர் பாடவேறுபாட்டைக் குறிப்பதுபோல் இவ்வேறுபாட்டைத் திரட்டித் தந்தவர்கள் நிரலகங்களை ஆக்கியோர் அல்லர், அவற்றைப் பயன்படுத்திய மொழியினர் என்பது கருதத்தக்கது.

பெர்க்லி: நிரல் நீங்கியபின் நின்ற பக்கம்

மார்கோ செல்ட்சரும் ஓசான் யிகிட்டும் 1991இல் யூசெனிக்ஸ் குளிர்கால மாநாட்டில் அளித்த கட்டுரை யுனிக்ஸுக்கான புதிய ஹாஷ் நிரலகம் ஒன்றை முன்வைத்தது. அது பெர்க்லி டி.பி.யின் பகுதியாயிற்று. அதன் 1.85ஆம் பதிப்பின் கையேடு, ஒரே நேரத்தில் பலர் அணுகுவதற்கான ஏற்பாடோ, பூட்டுதலோ, பரிவர்த்தனையோ இல்லை எனக் குறைகள் பிரிவில் ஒப்புக்கொள்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட ஸ்லீப்பிகேட் நிறுவனம் பின்வந்த பதிப்புகளில் இவற்றைச் சேர்த்தது.

பழைய பக்கத்திற்கு என்ன நேர்ந்தது என்பதே இங்கு முதன்மையான வினா. லினக்ஸில் ஜிலிப்சி 2.1 வரை அந்தப் பழைய இடைமுகம் இருந்தது, 2.2இல் நீக்கப்பட்டது. பக்கம் நீக்கப்படவில்லை. இங்கு விளக்கப்படுவது இப்போது இல்லை, வாசகர் தேடுவது வேறொரு நிரலகமாக இருக்கலாம் என்னும் முன்னறிவிப்பு அதன் தலையில் சேர்க்கப்பட்டது. உடலைத் தொடாமல் தலையில் மட்டும் செய்த இப்புதுப்பிப்பு சிறிதாயினும் நேர்மையானது. அவ்வறிவிப்பு இல்லையெனில், இல்லாத செயற்கூறுகளை நம்பி ஒருவர் நிரல் எழுத முற்படுவார்.

ஸ்லீப்பிகேட் வேறு வழியைக் கையாண்டது. அதன் வழிகாட்டி நூலில் ஒவ்வொரு பதிப்புக்கும் மாறுவோருக்கென அத்தியாயங்கள் இருந்தன. எடுத்துக்காட்டாக, 4.1ஆம் பதிப்பில் தரவுத்தளத்தைத் திறக்கும் செயற்கூறு பரிவர்த்தனைக்கான கூடுதல் அளபுரு ஒன்றைப் பெற்றது. இத்தகைய மாற்றத்தை ஆவணம் சொல்லத் தவறினாலும் கம்பைலர் காட்டிக்கொடுக்கும். செயற்கூற்றின் வடிவம் மாறாமல் நடத்தை மட்டும் மாறும்போது அந்தக் காவல் இல்லை. அங்கே ஆவணமே ஒரே காவல்.

2006இல் ஸ்லீப்பிகேட்டை ஆரக்கிள் வாங்கியது. 2013இல் வந்த 6.0ஆம் பதிப்பில் உரிமம் ஏ.ஜி.பி.எல்.லாக மாறியது. டெபியன் 5.3இலேயே நின்றது, நடைமுறையில் இருந்த பதிப்பும் புதிய பதிப்பின் ஆவணமும் வெவ்வேறாயின.

தலைப்புக் கோப்புக்குள் புகுந்த கையேடு

ஓப்பன்எல்டேப் திட்டத்தில் பெர்க்லி டி.பி.க்கு மாற்றாக 2011இல் ஹோவர்டு சூ உருவாக்கிய எல்.எம்.டி.பி., ஆவணத்தின் இருப்பிடத்தையே மாற்றியது. அதன் கையேடு நிரலின் தலைப்புக் கோப்பில் குறிப்புரைகளாக எழுதப்பட்டுள்ளது. டாக்சிஜன் என்னும் கருவி அவற்றைப் படித்து இணையப் பக்கங்களை ஆக்குகிறது. நிரலைத் திருத்துபவர் கண்முன்னேயே விளக்கமும் இருப்பதால், தனிப் பக்கம் உறைந்து போகும் பெர்க்லி நிலை இங்கு எளிதில் நேராது. எனினும் அருகில் இருப்பது திருத்தத்தை எளிதாக்குமேயன்றி உறுதி செய்யாது. ஒரே செயலாக்கத்தில் ஒரு தரவுத்தளத்தை இருமுறை திறந்தால் கோப்புப் பூட்டு முறியும். வாசிப்புப் பரிவர்த்தனையை நெடுநேரம் திறந்து வைத்தால் விடுவிக்கப்பட்ட பக்கங்கள் மறுபயன்பாட்டுக்கு வராமல் கோப்பு வீங்கும். இவற்றை மனிதர் படித்தே அறிய வேண்டியுள்ளது.

டி.பி.எம். பக்கத்தின் சுட்டு பற்றிய வாசகத்துக்கு இணையானது இங்கும் உண்டு: திருப்பித் தரப்படும் மதிப்பின் நினைவிடம் தரவுத்தளத்துக்கே உரியது, அடுத்த மாற்றம் வரையிலோ பரிவர்த்தனை முடியும் வரையிலோதான் அது செல்லும். 1979இல் இது ‘குறைகள்’ பிரிவில் இருந்தது. எல்.எம்.டி.பி.யில் இது செயற்கூற்றின் விளக்கத்தோடு விதியாக நிற்கிறது. ஏனைய தடைகள் ‘எச்சரிக்கைகள்’ என்னும் பிரிவில் உள்ளன. மதிப்பை நகலெடுக்காமல் நேரே காட்டுவதே எல்.எம்.டி.பி.யின் வேகத்துக்குக் காரணங்களுள் ஒன்று. 1979இல் ஆசிரியர் குறையெனப் பதிந்ததை, 32 ஆண்டுகள் கழித்து மற்றோர் ஆசிரியர் வடிவமைப்பின் பயனாக எழுதினார்.