தாயம்மாளின் வீடும் சட்டத்தின் இல்லமும்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை இலக்கிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபாவளியை ஒட்டி வந்து சேர்ந்த அநாதைச் சிறுவனை, ஏழைத் தாயான தாயம்மாள் குளிப்பாட்டி, உணவிட்டு, உடுத்தத் துணியும் தருகிறாள். அப்படிப்பட்ட சிறுவனுக்குச் சட்டம் வகுத்திருந்த வழியோ வேறு.

1850ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளையையும் சிறு குற்றம் செய்த பிள்ளையையும் நீதிபதி ஒரு தொழிலாளியிடம் ஒப்படைக்கலாம். 1876இல் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த கார்டியூ குழு, சிறாரைச் சிறையில் அடைப்பது கூடாது என்றது. 1920இல், இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் தொடர்ந்தன.

இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றிய இச்சட்டத்தில் ஒரு முரண் இருந்தது. திருடிய சிறுவனைப் போலவே, பிச்சையெடுத்தவனும் வீடற்றவனும் பெற்றோர் சிறையில் இருப்பவனும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படலாம். விசாரணை முடியும்வரை தங்க வைக்கும் 'ரிமாண்ட் ஹோம்' இருவருக்கும் பொதுவாயிற்று. வறுமையும் குற்றமும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் விசாரணையை இரண்டாகப் பிரித்தது. ஆனால் கூர்நோக்கு இல்லத்தைப் பொதுவாகவே வைத்தது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைக்குத் தனி இல்லம் என்பதை 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் வகுத்தது. அதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின.

இனிக் கரிசல் காட்டுக்கு வருவோம். மழை பொய்க்கும் மானாவாரி நிலமும் வறண்ட காற்றும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தைத் தீப்பெட்டித் தொழிலுக்கு உகந்ததாக்கின. 'தீப்பெட்டி ஆபீஸ்'களில் குச்சி அடுக்கிய பிள்ளைக்குத் தாயும் தந்தையும் வீடும் இருந்தன. அவள் அநாதையல்ல, பிச்சையெடுக்கவில்லை, திருடவுமில்லை. ஆகவே சிறார் சட்டத்தின் எந்தப் பட்டியலிலும் அவள் தெளிவாக இடம்பெறவில்லை.

வேறு சட்டங்கள் இருந்தன. முன்பணத்துக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும் முதலாளிக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம். 1938ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் சிறுவரைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தார் நடத்தும் பட்டறைக்கு விலக்களித்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளை அந்த விலக்குக்குள் அடங்கிப்போனாள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அவ்விலக்கைத் தொடர்ந்தது.

1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. பிள்ளையை மீட்டால் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதை எண்ணிப் பார்த்த தீர்ப்பு அது. வேலை செய்யும் பிள்ளையும் பராமரிப்புக்குரியவள் என்று சிறார் நீதிச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டது 2006இல்தான்.

2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லம் தற்காலிகமானது, குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதே முதல் நோக்கம். கொள்கை சரியானதே. ஆனால் அவள் திரும்பிச் செல்லும் வீட்டில் முன்பணக் கடன் அப்படியே காத்திருந்தால், அந்தச் சில நாள் அடைக்கலத்துக்கு என்ன பொருள்? கரிசல் பிள்ளைகளை உண்மையில் மீட்டதில், இல்லங்களைவிட ஊர்ப் பள்ளிக்கும் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுக்கும் பங்கு மிகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாயம்மாள் அச்சிறுவனை விசாரிக்கவில்லை, வகைப்படுத்தவுமில்லை. ஆனால் அவளாலும் ஒரு பண்டிகைப் பொழுதுக்குத்தான் அடைக்கலம் தர முடிந்தது. அவள் வீட்டிலும் வறுமைதானே இருந்தது.