உடைந்த நம்பிக்கையும் ஒட்டவைத்த சிரிப்பும்

   

'உடைந்த நம்பிக்கையை ஒட்டவைப்பது கண்ணீரா, சிரிப்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, கண்ணீர்தான் என்று சொல்லி உங்களையெல்லாம் அழவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். "துரோகத்துல சிரிக்க என்னங்க இருக்கு?" என்று என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. உங்க ஊர் காடாம்புலியூர். நம்ம சிதம்பரத்துக்குப் பழைய பேர் பெரும்பற்றப்புலியூர். அந்தப் புலியூரில் ஒரு புலி வீட்டுக்குள்ளே பூனையான கதைதான் என் பதில்.

அதற்கு முன்னால் வள்ளுவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். 132-ஆவது அதிகாரம், புலவி நுணுக்கம். கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயாலேயே அழுகிறாள். "எவ நினைச்சதால தும்முனீங்க?" சரி, அடுத்த தும்மலை அடக்குவோம் என்று மூக்கைப் பிடிக்கிறான். அதற்கும் அழுகை! "உங்க ஆளுங்க நினைக்கிறது எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கிறீங்களா?" தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். (சிரிப்பு) சந்தேகத்தை வைத்து இப்படிச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் வள்ளுவர்.

"அது வெறும் சந்தேகம் ஐயா, உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால்?" என்று கேட்பீர்கள். திருவரங்கத்துக்கு வாருங்கள். பங்குனி விழாவில் அரங்கநாதர் உறையூருக்குப் போய் கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார். அரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறார். "மோதிரம் காணாமல் போச்சு, தேடப் போனேன்" என்கிறார் பெருமாள். உலகத்தையே காக்கிறவருக்குக் கிடைத்த சாக்கு அவ்வளவுதான்! உள்ளேயிருந்து பூவாலே அடி விழுகிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்கிறார். மட்டையடி உற்சவம் என்று ஊரே கூடிச் சிரிக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சிரிப்பு யார் மேலே விழுகிறது? கதவைச் சாத்திய தாயார் மேலே விழவில்லை. வாசலில் நிற்கிறாரே, அவர் மேலேதான் விழுகிறது.

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்கிற குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுக்கிறவர். சுந்தரர் தம்முடைய திருத்தொண்டத் தொகையில் தில்லைவாழ் அந்தணர்களுக்கு அடுத்தபடியாகவே அவரைப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரித்து எழுதினார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. நாயன்மாரே ஆனாலும், பரத்தை வீட்டுக்குப் போனார் என்று பச்சையாகச் சொல்கிறார்.

வீட்டு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. சோறு போட்டார், வேலை பார்த்தார். ஆனால் கணவர் கிட்டே வந்ததும், திருநீலகண்டத்தின் மேல் ஆணை வைத்து, எம்மைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். 'என்னை' என்று சொல்லவில்லை. 'எம்மை' என்றார், பன்மை. அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். பன்மையில் சொன்னதால் இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தொடமாட்டேன் என்று முடிவு செய்தார். நானும் கல்லூரியிலே காலமெல்லாம் ஒருமை பன்மை நடத்துகிறேன். இவ்வளவு கவனமாகக் கேட்ட மாணவன் எனக்கு வாய்க்கவில்லை! (கைதட்டல்)

ஒரே வீடு, இரண்டு பேர். ஊருக்குத் தெரியாது. இளமை போய் முதுமை வந்துவிட்டது. அப்போது சிவபெருமான் யோகியாக வந்து ஓர் ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வை என்றார். பிறகு அவரே அதை மறைத்துவிட்டு, வந்து கேட்டார். ஓட்டைக் காணோம். "நீதான் திருடிவிட்டாய். இல்லையென்றால் உன் மகன் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்" என்றார். இங்கேதான் இறைவனுடைய குறும்பு. மகன் எப்படி ஐயா இருப்பான்? "சரி, மனைவி கையைப் பிடி" என்றார். அதுவும் முடியாது! வழக்கு தில்லை அந்தணர் சபைக்குப் போனது. மூழ்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. மூங்கில் கோலின் ஒரு முனையை இவர் பிடித்தார், மறு முனையை அந்த அம்மா பிடித்தார். யோகி விடவில்லை. கையைத்தான் பிடிக்க வேண்டும் என்றார்.

வேறு வழியில்லாமல் அந்தக் கிழவர் ஊரறியத் தம் பழைய தப்பைத் தாமே சொன்னார். சொல்லி மூழ்கினார். இருவரும் இளமையோடு எழுந்தார்கள். இன்றைக்கும் சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் இருக்கிறது, குளமும் இருக்கிறது.

ஓடு காணாமல் போனதற்கு இவ்வளவு வழக்கா என்று நமக்குத் தோன்றும். பத்திரமாக வை என்று ஒருத்தர் கொடுத்ததை இழந்தால் எப்படி இருக்கும் என்று இறைவன் அவருக்குக் காட்டினார். மனைவி கொடுத்து வைத்த நம்பிக்கையும் அப்படி ஒரு பொருள்தானே?

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னாலே ஒரு மேடையில் 'சின்ன வீடு' பற்றி வரிசையாக நகைச்சுவை சொன்னேன். கொட்டகை அதிர்ந்தது. கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா வந்தார். "ஐயா, எல்லாரும் சிரிச்சாங்க. நான் அந்தப் பெரிய வீட்டுக்காரி. பக்கத்துல என் பொண்ணு உட்கார்ந்திருந்தா" என்றார். கோபமே இல்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு நான் கல்லெறிந்தது அடிபட்டவர் மேலே. வள்ளுவரும் சேக்கிழாரும் அதைச் செய்யவில்லை என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் என் அணிக்கு ஒரு நிபந்தனை போடுகிறேன். சிரிப்பு ஒட்டவைக்கும். ஆனால் தப்பு செய்தவன் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். தன்னைப் பார்த்துத் தான் சிரிக்க வேண்டும். அடிபட்டவர் எப்போது சிரிப்பார் என்பதை அவர்தான் முடிவு செய்வார். சிரிக்காமலே இருந்தாலும் அது அவர் உரிமை.

பண்ருட்டிப் பலாவை அறுக்கிற உங்களுக்குத் தெரியும். கையிலே எண்ணெய் தடவாமல் கைவைத்தால் பால் ஒட்டிக்கொள்ளும். சிரிப்பு அந்த எண்ணெய். உண்மைதான் சுளை. சுளையை ஒளித்துவிட்டு எண்ணெயை மட்டும் நீட்டினால் எந்த வீட்டு அம்மாவும் ஏற்கமாட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் தும்மல் வந்தால் தாராளமாகத் தும்முங்கள். பயப்பட ஒன்றும் இல்லாதவருக்குத் தும்மல் வெறும் தும்மல்தான்.