விதை இல்லாத சவுக்கு

பாகூர் பக்கம் ஏரித் தண்ணீர் எட்டாத மணல் மேடுகளில் சவுக்கு நிற்கும். நெல்லுக்கு ஆகாத தரைக்குச் சவுக்கு என்பது இந்தக் கடற்கரையின் பழைய கணக்கு. பழையது என்றால் 150 வருடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 1860களில் ரயில் எஞ்சினுக்கு விறகு தேடிய ஆங்கிலேயர்கள் செங்கல்பட்டுக் கடற்கரையில் அதைத் தோப்பாக வளர்க்க ஆரம்பித்தார்கள். அந்த ரயில் 1879இல் வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கும் வந்தது. பிற்பாடு எஞ்சின் நிலக்கரிக்கு மாறிவிட்டது. மரம் ஊரோடு தங்கி அடுப்பு, பந்தக்கால், கட்டடச் சாரம் என்று போய் கடைசியில் காகித ஆலைக்குள் நுழைந்தது.

அதெல்லாம் விதைச் சவுக்கு. பாத்தியில் தூவி, முளைத்ததைப் பிடுங்கி நடுவார்கள். ஒரு மரம் நெட்டையாகப் போகும், பக்கத்தில் இருப்பது கோணிக்கொண்டு நிற்கும். விவசாயிக்கு அது நஷ்டம்.

இதற்கு விடை பாங்காக்கிலிருந்து வந்தது என்று சொல்லலாம். 1900 வாக்கில் அங்கே அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த ஒரு சவுக்கு, இந்தோனேசியாவின் ஜுங்குனியானாவுக்கும் நம்முடைய சாதாரணச் சவுக்குக்கும் பிறந்த கலப்பு என்கிறார்கள். அது ஆண் மரம், விதையே கிடையாது. துண்டு வெட்டி வேர்விட வைத்தால்தான் அடுத்தது. அப்படியே தாய்லாந்து முழுக்கப் பரவி, 1950களில் இந்தியாவுக்கும் வந்தது. பிள்ளை என்று சொல்ல முடியாது, அதே மரம்தான். இன்னொரு இடத்தில் நிற்கிறது.

இப்போது கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தரும் ரகங்களும் இப்படித்தான் பெருகுகின்றன. சவுக்கில் நாம் இலை என்று நினைக்கும் பச்சை ஊசி உண்மையில் மெல்லிய கிளை. இலை அதன் கணுவில் செதிலாக ஒட்டியிருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இளங்கொழுந்தை விரல் நீளத்துக்கு நறுக்கி, அடியை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, மக்கிய தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழாயில் சொருகுகிறார்கள். முதலில் ஈரம் போகாத பாலித்தீன் கூடாரம். வேர் பிடித்ததும் நிழல்வலை, அப்புறம் திறந்த வெயில்.

அந்தக் குழாய்க்கு ரூட் டிரெய்னர் என்று பெயர். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பாத்திரம் அதுதான். பாலித்தீன் பையில் வேர் சுவரில் முட்டிச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பெருங்காற்றில் சாய்ந்துவிட வாய்ப்பு அதிகம். டிரெய்னரின் உள்சுவரில் நெடுக்காக வரம்புகள் உண்டு, அவை வேரைக் கீழே இறக்கும். அடி திறந்திருப்பதால் காற்று பட்டு நுனி காய்ந்து, பக்கவேர் பிரியும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது பலாவும் முந்திரியும் சவுக்கும் சரிந்தன. இங்கே வேர் என்பது வெறும் தோட்டக்கலைப் பேச்சு இல்லை. துண்டில் வேர்விட்ட செடிக்கு விதைச்செடியின் ஆணிவேர் கிடையாது, தண்டின் அடியிலிருந்து கிளம்பும் வேர்கள்தான்.

இன்னொரு கவலை எனக்குப் புயலைவிடப் பெரிது. மீட்டருக்கு ஒன்று நட்டால் ஏக்கருக்கு 4,000 மரம். ஒரே ரகம் என்றால் 4,000 தடவை ஒரே மரம். சவுக்குப் பட்டையைக் கொப்பளிக்க வைத்துக் கொல்லும் பூஞ்சை ஒன்று உண்டு. விதைத் தோப்பில் கோணல் மரங்களுக்கு நடுவே எதுவாவது அதற்குத் தாக்குப்பிடிக்கலாம். ஒரே நகல் நிற்கும் வயலில், முதல் மரம் தாங்கவில்லை என்றால் கடைசி மரமும் தாங்காது. இரண்டு மூன்று ரகம் கலந்து நடுவது இதற்காகத்தான். ஆனால் ஆலைக்கும் வியாபாரிக்கும் வேண்டியது ஒரே பருமன், ஒரே உயரம். வெட்டுக்கூலி கணக்கும் அதற்குத்தான் ஒத்துவரும்.