ரோத்தாஸ்கட்: ஒரு கோட்டை, இரண்டு மாறுவேடங்கள்

பீகாரின் தென்மேற்கே, கைமூர் மலையின் விளிம்பில், சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கிறது ரோத்தாஸ்கட். கௌட மன்னன் சசாங்கன் மகாசாமந்தனாக இருந்த காலத்து முத்திரை அச்சு இம்மலைப் பாறையிலேயே வெட்டப்பட்டுள்ளது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. செங்குத்தான சரிவுகளே இக்கோட்டையின் முதல் மதில். கோட்டைச் சுற்றளவு 14 கோசு என்றும், உள்ளே பயிர்நிலமும் ஊற்றுகளும் உண்டு என்றும் அபுல் ஃபசலின் அயினி அக்பரி கூறுகிறது. நீரும் நெல்லும் உள்ள கோட்டையை முற்றுகையால் பணியவைத்தல் அரிது. எனவே இதன் வீழ்ச்சியைச் சொல்லும் கதைகள் வலிமையைவிடச் சூழ்ச்சியையே பேசுகின்றன.

1538-இல் ஷேர் கான் இதனைக் கைப்பற்றினார். ஹுமாயூனின் படை நெருங்கிய வேளையில் குடும்பத்தினருக்கும் கருவூலத்துக்கும் அவருக்குப் புகலிடம் தேவைப்பட்டது. பெண்கள் செல்லும் பல்லக்குகளில் ஆப்கானிய வீரர்களை ஒளித்து உள்ளே அனுப்பினார் என்கிறார் ஃபெரிஷ்தா. அவருக்கு முன்பே எழுதிய அப்பாஸ் கான் சர்வானி இக்கதையை முற்றிலும் பொய் என மறுக்கிறார். கோட்டை அரசரின் பிராமண அதிகாரி சூராமனைப் பொருள் கொடுத்து வயப்படுத்தி, அடைக்கலம் கேட்டு நுழைந்து, பின்னர் அரசரையே வெளியேற்றியதாக அவர் எழுதுகிறார். அப்பாஸ் கான் ஆப்கானியர். அவருடைய மறுப்பில் குலமானம் கலந்திருக்கலாம். ஆயினும், பல்லக்குக் கதை அவர் காலத்திலேயே வழங்கியதற்கு அம்மறுப்பே சான்று.

இம்மலையைத் தம் பூர்விகமாகக் கருதுவோர் ஓராவோன் மக்கள். அவர்கள் பேசும் குருக், திராவிட மொழிக் குடும்பத்தின் வடகிளையைச் சேர்ந்தது. அவர்களது வாய்மொழி மரபில் கதை தலைகீழாகிறது: திருவிழா நாளில் ஆண்கள் மதுமயக்கத்தில் கிடக்க, பெண்கள் ஆணுடை தரித்துப் பகைவரை விரட்டினர். சினகி தாய், கைலி தாய் என்னும் பெயர்கள் இன்றும் போற்றப்படுகின்றன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெண்கள் ஆணுடையில் வேட்டைக்குச் செல்லும் ‘ஜனி ஷிகார்’ அந்நினைவின் சடங்கு.

ஒன்றில் ஆண்கள் பெண்களாக மறைந்து கோட்டையைக் கவர்கின்றனர். மற்றொன்றில் பெண்கள் ஆண்களாகத் தோன்றி அதைக் காக்கின்றனர். வாய்மொழிக் கதைக்கு ஆண்டு குறிக்க இயலாது என்பதால் அதனைத் தள்ளிவிடும் ஆய்வாளர், அப்பாஸ் கானே மறுத்த பல்லக்குக் கதையை மட்டும் வரலாறாக ஏற்பது முறையன்று. ஏட்டில் ஏறியதாலேயே ஒரு கதை சான்றாகிவிடாது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். அப்போது, 1538-இல் நடந்ததற்கு அப்பால், கோட்டையை வென்றோர் பேச்சும் இழந்தோர் நினைவும் எவ்வாறு உருவாயின என்பதும் புலப்படும்.